நம் நூலகத்தில் நாவலுக்கு இடம் உண்டா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மதரஸா மாடியில் அமையவிருக்கும் நூலகத்திற்கு நூல்களைத் தெரிவு செய்வது குறித்து நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸா மாடியில் ஓர் அறையை நூலகமாக்குவதென்று நிர்வாகம் தீர்மானித்து, எவ்வெந் நூல்களை வாங்கலாம் என்று பட்டியல் தருமாறு என்னைப் பணித்தது. மார்க்க நூல்களின் பட்டியலை ஹஜ்ரத் அவர்களே தந்துவிட்டார்கள். எனக்கு எஞ்சியவை நாவல்களும் வரலாற்று நூல்களுமே. என் பட்டியலைப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, வரலாறு சரி. பள்ளிவாசல் நூலகத்தில் நாவலுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். நேர்மையான கேள்வி. அதற்குரிய விடையை அவர்கள் ஒருவரிடம் மட்டும் சொல்லாமல், இந்தச் சபையின் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு முன், என் வீட்டில் நடந்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

கிணற்றில் விட்ட நூல்கள்

என் உம்மம்மா மவுத்தான பிறகு, அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பழுப்பேறிய தாள்களும், அட்டை கிழிந்த நூல்களும் அதில் இருந்தன. எல்லாம் அரபு எழுத்து. வீட்டில் எவருக்கும் அவற்றின் பொருள் விளங்கவில்லை. அரபு எழுத்து உள்ள தாள் காலில் மிதிபடலாகாது என்ற நல்லெண்ணத்தில், அவற்றை ஒரு சாக்கில் கட்டிப் பழைய கிணற்றில் விட்டுவிடத் தீர்மானித்தார்கள். அந்தச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துச் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் நான்.

பல்லாண்டுகள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. உம்மம்மாவுக்கு அரபு மொழி தெரியாது. ஆயினும், மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சுற்றி உட்கார வைத்து, அந்த நூல்களைப் பார்த்துத் தமிழில் படித்துக் காட்டுவார்கள். பெண்கள் சில இடங்களில் கண்ணீர் வடிப்பார்கள்; சில இடங்களில் சிரிப்பார்கள். அப்படியானால் அவை அரபு நூல்கள் அல்ல. அரபுத் தமிழ் நூல்கள். எழுத்து அரபு, மொழி நம் தாய்மொழி. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாஹிப் என்னும் இமாமுல் அரூஸ் (1816 - 1898) போன்ற பேரறிஞர்கள் நூல் எழுதிய மொழிநடை அது. அந்தச் சாக்கில் இருந்தவை சட்ட நூல்களா, கதைகளா, நம்மூர்ச் செய்திகளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் அவமதிக்கவில்லை; மதிப்புச் செய்வதாக எண்ணித்தான் அழித்தோம். படிக்கத் தெரியாதவன் செய்யும் மரியாதையும் சில வேளைகளில் இழப்பாகவே முடியும்.

இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வரலாறு நம் முன்னோர் யார் என்று சொல்லும். நாவல் அவர்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் நம்மை நாம் பாதியாகத்தான் அறிவோம்.

நாவல் நமக்குப் புதிதன்று

நாவல் என்பது நம் சமுதாயத்திற்கு அந்நியமான பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. தமிழின் முதல் நாவலெனப் பெரும்பாலோர் ஏற்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885-இல், 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. அச்சேறிய கால வரிசையில் அதையே இரண்டாவது தமிழ் நாவல் என்று ஆய்வாளர் பலர் குறிப்பிடுகின்றனர். எழுதியவர் இலங்கை, கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை (1838 - 1898). 1882-இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கி, சமுதாயத்தின் கல்விக்காக அயராது எழுதியவர்.

அந்த நாவலின் நாயகன் எகிப்து நாட்டு உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்பவன். கண்டியில் இருந்த ஒருவர் எகிப்துக் கதையை ஏன் எழுதினார்? எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883-இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்தார். சித்திலெப்பை அவருடன் நெருங்கிப் பழகினார்; பின்னர் இருவரும் கல்விப் பணியில் கைகோத்தனர். 1892-இல் கொழும்பு மருதானையில் தொடங்கப்பெற்ற பள்ளி, ஸாஹிராக் கல்லூரியாக இன்றும் நிற்கிறது. கல்விக்கு உழைத்த அதே கைதான் நாவலையும் எழுதியது என்பதை நாம் கருத வேண்டும். பள்ளிக்கூடம் வேறு, கதை வேறு என்று அவர் பிரிக்கவில்லை. இமாமுல் அரூஸ் அவர்களும், 'மதீனத்துந் நுஹாஸ்' என்னும் கதை நூலை அரபுத் தமிழில் தந்தவராக அறியப்படுகிறார்கள். ஆலிம்கள் கதையைத் தள்ளி வைக்கவில்லை. நாம்தான் இடையில் தள்ளி வைத்துவிட்டோம்.

திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்காக இன்னொரு செய்தி. நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவர் அல்லர். அவர் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தபோது, தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். தலைப்பைப் பார்த்தே முகம் சுளிப்போர் இன்றும் இருக்கக்கூடும். எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தலைப்போடு ஒரு முஸ்லிம் பெண்மணி தம் பெயரை அச்சிட்டு வெளியிட்டார்; மூத்த தமிழறிஞர் அதைப் படித்துப் பாராட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படித்தறிந்தே அவர் மதிப்பிட்டார். நாமும் அதையே செய்வோம்.

என் வாப்பா சொன்ன தீர்ப்பு

என் பட்டியலில் முதலில் நிற்பது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து, மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதியவர், 2019-இல் காலமானார். இந்த நாவல் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. ஊரையே தன் விரலசைவில் வைத்திருக்கும் ஒரு முதலாளி, அவருக்கு வளைந்து கொடுக்காத சுறாப்பீலி வியாபாரி ஒருவர், ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடம், அதற்கு எழும் எதிர்ப்பு, பக்தியின் பெயரால் ஏமாற்றப்படும் எளிய மக்கள் - இவைதாம் கதை.

முதன்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 'நம் வீட்டு அழுக்கை ஏன் தெருவில் உலர்த்துகிறார்?' என்று நினைத்தேன். அந்நாளில் என் வாப்பாவுக்குக் கண்பார்வை குறைந்திருந்தது. என்ன புத்தகம் என்று கேட்டார்கள். படித்துக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பின் சில பக்கங்கள் படித்தேன். பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் பகுதி வந்தபோது வாப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்கள். சற்று நேரம் மௌனம். பிறகு, "பொய் ஒன்றும் எழுதவில்லையே" என்றார்கள். தம்மை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் இதே பேச்சுத்தான் என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சொன்னார்கள். கணக்கில் தாமே வகுப்பில் முதலாவதாக இருந்ததையும், ஆசிரியர் வீடு தேடி வந்து மன்றாடியதையும் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நான் அறியாத செய்தி. அதை வெளிக்கொணர்ந்தது ஒரு நாவல்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். நாவல் கற்பனை, ஆனால் கற்பனை வேறு, பொய் வேறு. பொய் தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்ளும். கதையோ, தான் கதைதான் என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, அதன் பிறகு உண்மையைச் சொல்லும்.

அதே ஆசிரியரின் 'துறைமுகம்', கருவாட்டு வணிகத்தில் கொழும்பை நம்பி வாழ்ந்த சிறு வியாபாரிகளின் வீழ்ச்சியைக் கூறுகிறது. 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி', முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டே, அம்முன்னோர் விட்டுச் சென்ற வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணு என்பவரின் கதை. அவ்வீட்டுப் பெண்கள் பட்ட துன்பத்தையும் அது மறைக்கவில்லை. உழைக்காமல் பழம்பெருமை பேசும் எவரும் அந்த நாற்காலியில் தம்மைக் காண்பர். நான் கண்டேன்.

நம்மவரே எழுதியவை மட்டும் போதா. ப. சிங்காரம் எழுதி 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யையும் சேர்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடான், பினாங்கு நகரங்களில் வாழ்ந்த தமிழரைப் பற்றியது. 'சபுராளி' வாழ்க்கையை அறிந்த நம் குடும்பங்கள், தாத்தாமார் எந்தக் கடலைக் கடந்தார்கள், எந்தக் கடைத்தெருவில் நின்றார்கள் என்பதை இதில் காணலாம்.

புகழ்ச்சி வரலாறு ஆகாது

இனி வரலாற்று நூல்கள். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாள்தோறும் நம் கைபேசிக்கு 'வரலாறு' வந்து குவிகிறது. உலகில் எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம் என்று ஒன்று; நாம் எதையுமே செய்யவில்லை என்று மற்றொன்று. இரண்டையும் அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். இதற்கு மருந்தை, 1377-இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் அன்றே வழங்கிவிட்டார்.

மூஸா நபியவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலான வரலாற்றாசிரியர்கள் எழுதிய செய்தியை இப்னு கல்தூன் எடுத்து ஆராய்கிறார். அவ்வளவு பெரிய படையை அந்த நிலப்பரப்பு தாங்குமா? ஒரு முனையில் நடப்பது மறு முனைக்குத் தெரியாமல் எவ்வாறு போர் புரிவது? சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் அத்தனை பெருகக் கூடுமா? இவ்வாறு கேட்டு, அந்த எண் பொருந்தாது என்று முடிக்கிறார். சொன்னவர் பெரியவர் என்பதற்காகவே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதும், தன் தரப்பின்மேல் உள்ள பற்று மனிதனின் கண்ணை மறைக்கும் என்பதும் அவர் தரும் பாடங்கள். ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் இந்தக் கேள்விகளில் ஒன்றையேனும் கேட்போமானால், ஊரில் பாதிச் சண்டை குறையும்.

அடுத்து, இப்னு பதூதாவின் பயண நூல். 1340-களில் அவர் மதுரை சுல்தானிடம் வந்து தங்கினார். மதுரை சுல்தானியத்தை நிறுவியவரின் மகளை அவர் டெல்லியில் மணந்திருந்தார். அப்போது ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனோ அவருக்குச் சகலர். விருந்தாளி, உறவினர், ஒரே மார்க்கத்தினர். ஆயினும், அந்தச் சுல்தான் சிறைபிடித்த இந்துக்களுக்கும், அவர்தம் பெண்டிர், பிள்ளைகளுக்கும் இழைத்த கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. வெறுத்துக் கண்டித்தே எழுதினார். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், தமக்குக் காய்ச்சல் கண்டபோது புளியைக் கரைத்துக் குடித்துக் குணமானதையும்கூட எழுதியிருக்கிறார். நம்மவர் என்பதற்காகக் கொடுமையை மூடி மறைக்காத அந்த நேர்மையை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். நம் வரலாற்றின் ஒளியை நாம் உரிமையோடு பேசலாம். ஆனால் அதன் நிழலையும் நாமே பேச வேண்டும். நாம் பேசாவிட்டால், நம்மை வெறுப்பவர் அதைப் பெருக்கிப் பேசுவார்.

மலபாரைச் சேர்ந்த ஆலிம் ஸைனுத்தீன் மக்தூம், போர்ச்சுகீசியர் கடலோர மக்களுக்குச் செய்த கொடுமைகளை 1583 வரை பதிவு செய்த 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' மற்றொன்று. அன்னியரை எதிர்த்து எழுதிய அந்நூலிலேயே, மலபாரின் இந்து அரசர்கள் முஸ்லிம்களிடம் காட்டிய நல்லுறவை அவர் நன்றியோடு குறித்திருக்கிறார். நம்மவருடைய குறைகளையும் விட்டுவைக்கவில்லை.

தமிழகத்தைப் பற்றி அறிய, இராமநாதபுரத்து அறிஞர் டாக்டர் எஸ்.எம். கமால் எழுதிய 'முஸ்லீம்களும் தமிழகமும்' என்னும் நூலைப் பரிந்துரைக்கிறேன். கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் சான்றாக வைத்துப் பேசும் நூல். சேதுபதி மன்னர்கள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலக்கொடை வழங்கிய செய்திகள் கமால் அவர்களின் ஆய்வுகளில் விரிவாகக் கிடைக்கின்றன. அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவு நேற்று முளைத்ததன்று என்பதற்கு இவை ஆவணங்கள். ஆங்கிலம் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு, அருங்காட்சியகத் துறையில் பணியாற்றிய டாக்டர் ஜெ. ராஜா முகமது சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிக வரலாறு பற்றி எழுதி, 2004-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட நூல் உண்டு. மரக்காயர் என்ற பட்டம் நம் பெயரோடு இருக்கிறது. கப்பல் எங்கே போயிற்று என்று கேட்கும் இளைஞனுக்கு அதில் விடை இருக்கிறது. இலக்கிய வரலாறு வேண்டுவோர்க்கு, இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அவர்கள் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து எழுதி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதிகள் இருக்கின்றன.

நான் வேண்டுவன

பட்டியலைத் தருவதோடு என் பணி முடிந்துவிடவில்லை. சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நாவல்களை அலமாரியின் மூலையில் ஒளித்து வைக்காமல், வரலாற்று நூல்களின் பக்கத்திலேயே அடுக்க வேண்டும். எந்த வயதினருக்கு எந்த நூல் என்பதை நூலகக் குழு தீர்மானிக்கட்டும். ஆனால் அக்குழுவினர் நூலைப் படித்துவிட்டுத் தீர்மானிக்கட்டும்.

இரண்டு: பெண்களுக்கென வாரத்தில் இரண்டு பிற்பகல்களை ஒதுக்க வேண்டும். உம்மம்மாமார் நூல் படித்து, ஊர்ப் பெண்கள் கேட்ட ஊர் இது. அவர்களுடைய பேத்திகளுக்கு நூலகக் கதவைச் சாத்துவது எந்த வகையில் நியாயம்?

மூன்று: மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை இஷாவுக்குப் பின் அரைமணி நேரம், படித்த நூலைப் பற்றி ஒருவர் பேச வேண்டும். மேடைப் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. மீன் வணிகரோ, கல்லூரி மாணவரோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவரோ பேசலாம். நன்றாக இருந்தது, இல்லை என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்று சொன்னால் போதும்.

நான்கு: இதுவே என் முதன்மையான வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில், அரபு எழுத்தில் பழைய நூலோ, கடிதமோ, கணக்கேடோ இருந்தால், அதைக் கிணற்றிலோ கடலிலோ விட்டுவிடாதீர்கள். நூலகத்தில் ஒப்படையுங்கள். நம் மஹல்லாவில் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருவரோ மூவரோதாம் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவற்றைப் படிக்கச் செய்து எழுதிக்கொள்வோம். அதுபோலவே, ஜமாஅத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களையும் நிக்காஹ் பதிவேடுகளையும் கரையான் அரிப்பதற்குள் படியெடுத்து வைக்க நிர்வாகத்தை வேண்டுகிறேன். நாளை இவ்வூரின் வரலாற்றை எழுதப் போகும் பிள்ளைக்கு அவைதாம் சான்றுகள்.

சகோதரர்களே! படிப்பைக் கட்டளையாகக் கொண்டு தொடங்கிய மார்க்கம் நம்முடையது என்று மேடைதோறும் சொல்கிறோம். சொல்வதில் குறையில்லை, படிப்பதில்தான் குறை. கேள்வி கேட்ட அந்தப் பெரியவரிடமே 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யின் என் பிரதியை நேற்று கொடுத்திருக்கிறேன். அவர்கள் படித்து முடித்தபின் இந்தச் சபையில் தம் கருத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்னை மறுத்துப் பேசினாலும் எனக்கு மகிழ்ச்சியே. நூலகத்தின் முதல் கூட்டம் அதுவாகவே அமையட்டும்.

அந்தச் சாக்கின் எடை இன்றும் என் கையில் இருக்கிறது. இன்னொரு சாக்கு இவ்வூரிலிருந்து கிணற்றுக்குப் போகாமல் இருக்குமானால், இந்த நூலகம் பயன்பட்டதாகவே கருதுவேன்.